நடுப்பாகம் வாசித்தவன் வாசகர்களுக்காகக் கேட்ட மண்டபம்

குன்றுதோறும் குடிகொண்ட குமரன் திருவடி போற்றி!

இப்பொதுக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, ஒலிவாங்கியை என் கையில் கொடுத்த கணத்திலிருந்து கவலையோடு கடிகாரத்தை நோக்கும் அறங்காவலர் சபைத் தலைவர் அவர்களே! கணக்கிலும் கண்டிப்பிலும் கண்ணிமைக்காத பொருளாளர் சதீஸ்குமார் அவர்களே! என் பேச்சின் நீளம் அறிந்திருந்தும் முன்வரிசையில் வந்தமர்ந்த துணிவுமிக்க பெரியோர்களே! பதுளை நகரிலிருந்தும் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் வந்து, பிரசாதம் வருமென்று பார்த்திருக்க, வைரவநாதன் வந்துவிட்டானே என்று வாடியிருக்கும் தாய்மார்களே! அத்தாய்மார் நடுவே, மணமேடையில் தொடங்கி இந்த மேடைவரை என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கும் என் இல்லாள் கனகம் அவர்களே! உங்கள் அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

அவையோரே, இன்று நீங்கள் கையுயர்த்தி விடை சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, பிற்பகலில், நம் ஆலயத்து மண்டபத்தை வாசகர் வட்டத்துக்குத் தரலாமா, தரக்கூடாதா?

யார் இந்த வாசகர் வட்டம்? தாங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் நாவலைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்காகக் கூடுகிறவர்கள். ஆசிரியர் உண்டு, தையற்காரர் உண்டு, தாதி உண்டு, கொழுந்து பறிப்பவர் உண்டு. திருநீறு பூசியவரும் உண்டு, தொப்பி அணிந்தவரும் உண்டு. இதுநாள்வரை கடைவீதியில், ஸகீனா அம்மையாரின் புடைவைக் கடைக்கு மேலிருந்த மாடியறையில் கூடினார்கள். அந்த அறை இப்போது மகன் றுஷ்திக்குச் சரக்கு வைக்க வேண்டும். நியாயந்தானே? அடுத்த மாதத்திலிருந்து அவர்களுக்கு இடமில்லை. இடமில்லையென்றால் வட்டமும் இல்லை. எல்லவில் ஒருவர், கொஸ்லந்தையில் ஒருவர் என்று சிதறிக் கிடப்பவர்கள், சந்திக்கச் சுவர் இல்லாவிட்டால் சிதறியேதான் போவார்கள்.

விண்ணப்பம் வந்தபோது நம் பொருளாளர் என்ன சொன்னார்? "கோயில் மண்டபத்துல காதல் கதையா ஐயா? நாளைக்குச் சினிமாவும் காட்டச் சொல்லுவாங்க!" என்றார். சபை உடனே ஒரு முடிவுக்கு வந்தது. 'நேரில் போய்ப் பார்த்து, நயமாக மறுத்துவிட்டு வர ஒருவரை அனுப்புவோம்' என்றது. யாரை அனுப்பியது? நாவல் என்ற சொல்லைக் கேட்டாலே நாவல் மரத்தை மட்டும் நினைக்கும் நல்லவனாகிய என்னை அனுப்பியது! இதே மேடையில், "பதிகம் இருக்கப் பொய்க்கதை எதற்கு? பாசுரம் இருக்கப் பழங்கதை எதற்கு?" என்று மேசையைத் தட்டிய மேதாவியை அனுப்பியது!

ஆனால், அந்த மாடியறைக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே வந்து உட்கார்ந்தவர் எவராயினும், எழுந்து நின்று, தாம் இப்போது வாசிக்கும் நாவலைச் சொல்ல வேண்டும். விருந்தினருக்கும் விலக்கில்லை. இதை எனக்குச் சொன்னவள் அந்த வட்டத்தின் உறுப்பினரான என் மருமகள் சுதர்சினி.

"மாமா, ஒண்ணும் வாசிக்கலன்னு சொல்லிருங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றாள்.

ஒன்றும் வாசிக்கவில்லையா? நானா? வெண்பாவை வெற்றிலையோடு மென்றவன் நான்! புராணத்தைப் புரண்டு படுக்கும்போதும் சொன்னவன் நான்! ஆயிரம் பேர் முன்னால் வாய் திறந்தவன், இருபது பேர் முன்னால் வாய் மூடுவதா? அவள் வேலைக்குப் போன பிறகு, அவளுடைய மேசையிலிருந்து பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்தேன். ஏன் அதை எடுத்தேன்? ஆராய்ச்சியெல்லாம் இல்லை, ஐயா. அதுதான் மெலிந்திருந்தது.

வாசித்தேன். வியந்தேன். எடுத்த எடுப்பிலேயே, "என்று சொல்லி அவள் கதவைச் சாத்தினாள்" என்று தொடங்கியது. என்ன சொன்னாள் என்பதே இல்லை! ஆகா, சொல்லாமல் சொல்லும் சூட்சுமம் அல்லவா இது என்று சொக்கிப்போனேன். கதை முழுவதும் பெரியப்பா என்று ஒருவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவர் ஓரிடத்திலும் வருவதில்லை. எல்லோர் வாயிலும் இருக்கிறார், எவர் கண்ணுக்கும் தென்படவில்லை! யார் அவர்? பரம்பொருளைத் தவிர வேறு யார்? முடிவிலோ, நாயகி ஆற்றங்கரைக்கு வருகிறாள். "ஒரு காலை ஓடத்தில் வைத்து" என்ற இடத்தில் புத்தகம் முடிந்துவிட்டது. முற்றுப்புள்ளிகூட இல்லை! ஒரு கால் கரையில், ஒரு கால் ஓடத்தில்! பாசத்துக்கும் வீடுபேற்றுக்கும் நடுவே தவிக்கும் ஆன்மாவை இதைவிட எப்படிக் காட்ட முடியும்? கண்ணீர் வந்தது எனக்கு. கனகம் சாட்சி. வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அவளே என்னைப் பார்த்து, "நீங்க ஏன் அழுவுறீங்க?" என்று கேட்டாள்.

ஞாயிறு வந்தது. மாடி ஏறினேன். என் முறை வந்ததும் எழுந்தேன். பேசினேன். எப்படிப் பேசினேன் என்று கேளுங்கள்! பரம்பொருளாகிய பெரியப்பாவின் பெருமையைப் பாடினேன். ஓடத்தை ஓங்காரம் என்றேன். கரையைக் கன்மம் என்றேன். அறையில் ஓர் அசைவில்லை. அசந்துபோய்விட்டார்கள் என்று அகமகிழ்ந்து அமர்ந்தேன்.

ஸகீனா அம்மையார் மெல்ல மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, நல்ல வடிவாப் பேசினீங்க. ஒரு விஷயம் மட்டும் சொல்றேன், கோவிச்சுக்க வாணாம். நீங்க வாசிச்சது நடுப்பாகம்."

"நடுப்பாகமா?"

"ஓ ஐயா. பெரிய புத்தகம், ஒரே ஒரு பிரதிதானே இருக்கு. மூணாப் பிரிச்சுத் தச்சுத்தான் கை மாத்திக்குவோம். மொதல் பாகம் என்கிட்ட. கடைசிப் பாகம் கொஸ்லந்தயில. பஸ்ஸுல போய் வரும்."

"அப்படியானால், அந்தப் பெரியப்பா?"

"அவரு மொதல் பாகத்துலயே மௌத்தாகிட்டாரு ஐயா. கசிப்புக் காய்ச்சப் போய்ப் பள்ளத்துல விழுந்து."

அவையோரே! கள்ளச்சாராயம் காய்ச்சப் போய்ச் செத்தவரை அல்லவா நான் கடவுளாக்கிக் கும்பிட்டிருக்கிறேன்!

சிரியுங்கள், சிரியுங்கள். அந்த அறையும் அப்படித்தான் சிரித்தது. இங்கே பின்வரிசையில் யாரோ, "ஐயா பூசையும் வச்சிட்டாரா?" என்று கேட்பது என் காதில் விழுகிறது. வைக்கவில்லை, தம்பி. ஒருநாள் தாமதித்திருந்தால் வைத்திருப்பேன்.

என் மருமகள் முகத்தைப் புடைவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். தோள் குலுங்கியபிறகுதான் தெரிந்தது, அவளும் சிரிக்கிறாள் என்று. நான் எழுந்து போயிருக்கலாம். செருப்புகூட வாசலில் தயாராக இருந்தது. ஆனால் எழ முடியவில்லை. ஏன்? மானம் போன இடத்தில் மனம் நின்றுவிட்டது, ஐயா! 'அந்தப் பெண் ஓடத்தில் ஏறினாளா, இல்லையா?' என்ற கேள்வி என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. வாய்விட்டே கேட்டேன். கொஸ்லந்தைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த விதுஷா என்ற பெண் மறுத்துவிட்டாள்.

"சொல்ல மாட்டேங்க ஐயா. முடிவச் சொல்றது இங்க பெரிய குத்தம்."

"தலையையாவது ஆட்டு, அம்மா. ஏறினாளென்றால் மேலும் கீழும்."

"ஆசையப் பாரு! ஐயா வரிசையில வாங்க."

ஆலயத்தில் எனக்கு வரிசை கிடையாது. பெரியவர் என்று முன்னால் விடுவார்கள். அன்று அந்தப் பெண் என்னை வரிசையில் நிறுத்தினாள். சரிதானே!

பிறகு அவளுடைய முறை வந்தது. ஸகீனா அம்மையார், "விதுஷா மகள், இப்ப என்ன வாசிக்கிறீங்க?" என்று கேட்டார். அவள் எழுந்தாள். புடைவையைச் சரிசெய்துகொண்டாள்.

"கடைசிப் பாகந்தாங்க. ஆனா வேணும்னே மெதுவா வாசிக்கிறேன். முடிஞ்சிருமேன்னு இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள். இருபது பேரும் தலையசைத்தார்கள்.

அவையோரே, என் சிரிப்பு அங்கே நின்றது. எண்ணிப் பாருங்கள். இந்தப் பெண்ணிடம் நாள்தோறும் கேள்வி கேட்காதவர் யார்? காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டிலே நின்றால் பேர் என்ன என்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எத்தனை கிலோ என்கிறார்கள். காரியாலயத்துக்குப் போனால் எந்தத் தோட்டம் என்கிறார்கள். எந்தத் தோட்டம் என்று சொன்னால் எந்த லயத்து வீடு என்கிறார்கள். வங்கிக்குப் போனால் கையெழுத்தா, கைநாட்டா என்கிறார்கள். இத்தனை கேள்வி கேட்கும் இந்த ஊவா மாகாணத்தில், 'அம்மா, நீ இப்போது என்ன வாசிக்கிறாய்?' என்று கேட்ட வாய் எது? கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருந்த காது எது? அந்த மாடியறை ஒன்றுதான்! அந்த மாடியறை ஒன்றுதான், ஐயா!

அவளை விடுங்கள். என்னை யார் கேட்டார்கள்? இத்தனை ஆண்டும் இந்த மேடையில் நான் முழங்கியிருக்கிறேன். 'ஐயா எப்போது முடிப்பார்?' என்று கேட்டவர் பலர். 'ஐயா இப்போது என்ன வாசிக்கிறார்?' என்று கேட்டவர் ஒருவருமில்லை. கேட்கவும் தேவையில்லாமல் போயிற்று, ஏனென்றால் இளமையில் படித்ததையே இன்றுவரை இறைத்துக்கொண்டிருந்தேன்.

ஆலய மண்டபத்தில் கதை ஆகாது என்கிறீர்கள். நம் தெய்வங்களைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் எதன் வழியாக? கதையின் வழியாக அல்லவா? பிற மதத்தவர் வரலாமா என்கிறீர்கள். தேர் வரும் வெயிலில், அந்த அம்மையாரின் கடைவாசலில் மோர் வாங்கிக் குடித்தபோது இந்தக் கேள்வியை நாம் எந்தச் சட்டைப்பையில் வைத்திருந்தோம்? மண்டபத்தில் பாத்திரம் இருக்கிறது என்கிறீர்கள். ஆண்டு முழுதும் அண்டாக்களும் எலிகளும் அமைதியாக உட்கார்ந்திருக்கும் இடத்தில், மனிதர் சிலர் மாதம் ஒருமுறை உட்கார்ந்தால் முருகன் முகம் சுளிப்பானா?

மறுத்துவிட்டு வா என்று அனுப்பினீர்கள். மறுக்க ஒரு காரணம் தேடினேன். தேடிய இடத்தில் தென்பட்டது என் அறியாமை ஒன்றுதான். அதைக் காரணமாகச் சொல்ல இந்த முதியவனுக்கு மனமில்லை.

ஆகையால் கேட்கிறேன். மண்டபம் தரலாம் என்போர் கையுயர்த்துங்கள்!

அடடா, தாய்மார் பக்கம் மழைக்குப் பின் துளிர்த்த தேயிலை மலையாக அல்லவா இருக்கிறது! கனகம், இரண்டு கையையும் தூக்கக் கூடாது. ஒருவருக்கு ஒரு கைதான். பெரியோர்களே, உங்களுக்கு நன்றி. பொருளாளர் அவர்களே, உங்கள் கை பாதியில் நிற்கிறதே! அது வாக்கா, அல்லது தலை சொறிவதா?

என்ன சொல்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள், அவையும் கேட்கட்டும்.

"தூக்கிட்டேங்க ஐயா. ஆனா அந்த மொதல் பாகம் எனக்குத்தான் மொதல்ல வேணும்!"

முடியாது, சதீஸ்குமார்! கோயில் கணக்கில் நீர் சொல்வதை நான் கேட்கிறேன். இதில் நீர் எனக்குப் பின்னால்தான்!

தலைவர் அவர்களே, முடிவை எழுதிக்கொள்ளுங்கள். வாசகர் வட்டத்தாரே, வருகிற ஞாயிறு வாருங்கள். செருப்பை மட்டும் வாசலில் விடுங்கள், நாவலை உள்ளே கொண்டுவாருங்கள். பொறுத்த செவிகளுக்கு நன்றி. உயர்ந்த கைகளுக்கு வணக்கம்!