ஜூரோங்கில் என் பெயரில் வேலை பார்த்தது நான் அல்ல

பெயர் லா. பிரிஜட். வயது 23. தகப்பனார் லாசரஸ், துறைமுகத் தொழிலாளி. மார்சிலிங் அடுக்குமாடி வீட்டில் பெற்றோருடன் வசிக்கிறேன். சென்ற ஆண்டு பல்கலைக்கழகப் பட்டம் பெற்றேன். அடுத்த மாதம் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர இருக்கிறேன்.

1982 ஜனவரியில், சிராங்கூனில் வசிக்கும் என் அத்தை அந்தோனியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து, தன் பேரக்குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு என்னை ஞானத்தாயாக நிற்கும்படி கேட்டார். எங்கள் குடும்பத்தில் என்னை முன்னால் நிற்கச் சொன்னது அதுவே முதல் தடவை. கோயிலில் காட்ட வேண்டும் என்று அவர் என் அடையாள அட்டையைக் கேட்க, நான் கொடுத்தேன். அதன்பின் ஞானஸ்நானம் நடந்தது, நான் மெழுகுவர்த்தி பிடித்து நின்றேன். மறு வாரமே அத்தை அட்டையைத் திருப்பித் தந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அதன்பின் சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, சம்சுன்னிசா என்ற பெண் ஒரு பை ஆரஞ்சுப் பழத்துடன் எங்கள் கதவைத் தட்டினார். ஜூரோங் தொழிற்சாலையில் தன்னுடன் வேலை பார்க்கும் பிரிஜட் சில நாட்களாக வரவில்லை என்றும், சூப்பர்வைசரிடம் விலாசம் வாங்கி நலம் விசாரிக்க வந்திருப்பதாகவும் சொன்னார். நான்தான் பிரிஜட் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க இல்ல லா. அவங்களுக்குக் கன்னத்துல மச்சம், வீட்டுல கைக்குழந்தை," என்றார். பிறகு பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மச்சமும் கைக்குழந்தையும் உள்ளவர் அத்தையின் மருமகள் லீலா. எல்லை தாண்டி ஜொகூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், இங்கு வேலை செய்ய அனுமதி இல்லாதவர். என் அட்டையில் இருப்பது பன்னிரண்டு வயதில் இரட்டைச் சடையோடு எடுத்த படம். அட்டை அத்தையிடம் இருந்த அந்த வாரத்தில் அதைக் காட்டி யாரும் நான் என்று சொல்லியிருக்கலாம்.

அதன்பின் மறுநாள் அத்தை வீட்டுக்குப் போய்க் கேட்டேன். லீலா அறையை விட்டு வெளியே வரவில்லை. அத்தை மறுக்கவில்லை. "உன் பேரைக் கடிச்சுத் தின்னுட்டாளா? வேலைதானடி பாத்தா. அவளுக்கு பெர்மிட் வர்ற வரைக்கும் பொறுத்துக்க லா," என்றார். நான் வேலையில் சேரும்போது என் அட்டை எண்ணில் ஏற்கனவே ஒருவர் வேலை பார்ப்பது தெரிந்தால், பொய்க்காரி ஆவது நான் என்றேன். படித்த திமிர் என்றார்.

அதன்பின் என் தாயார் பிலோமினம்மாள், அட்டை தொலைந்ததாகச் சொல்லிப் புதியது வாங்கிக்கொள், யாரையும் காட்டிக் கொடுக்காதே என்றார். அட்டை தொலையவில்லை, என் கையில் இருக்கிறது. புது அட்டையிலும் எண் இதேதான் இருக்கும். தகப்பனார் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு என்னுடன் காவல் நிலையத்துக்குக் கிளம்பினார். அத்தை அவருடைய கூடப்பிறந்த தங்கை. இப்போது அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

லீலா தானாக இதைச் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன். கோர்ட்டில் அத்தைக்கு எதிரே நின்று சொல்ல முடியுமா என்று அதிகாரி கேட்டார். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஆனால் இதைச் சொல்வேன். இனி என் அட்டையை யார் கேட்டாலும் நானே கூடப் போய்க் காட்டி, கையோடு வாங்கி வருவேன்.

காவலர் மாணிக்கம் எழுதியதை வாங்கி நானே படித்தேன். 'குடும்பத் தகராறு' என்று இருந்த இடத்தை அடிக்கச் சொல்லி, 'என்னைக் கேட்காமல் என் பெயரைப் பயன்படுத்தியது' என்று மேலே எழுதச் செய்து, பக்கத்தில் கையெழுத்திட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அவை உண்மை.

(ஒப்பம்) லா. பிரிஜட்