பின் அடித்த பாடம்

பிம்ப்ரியில் மெட்ரோ ஏறியபோது எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே பள்ளிக்கூடத்து டீச்சர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மூத்தவர் சயின்ஸ் எடுப்பவர்.

"அந்தப் பாடத்தைப் பசங்க திறக்கக் கூடாதுன்னு நானே உக்காந்து ஸ்டேப்ளர் பின் அடிச்சேன். நாப்பது புஸ்தகம்," என்றார் அவர்.

"எந்தப் பாடம் அக்கா?"

"இனப்பெருக்கம். பேரண்ட்ஸ் வந்து சண்டை போட்டாங்கன்னு பிரின்சிபல் நடத்த வேணாம்னுட்டாங்க. கல்யாணம் வரைக்கும் ஒழுக்கமா இருங்கன்னு சொன்னாப் போதுமாம். சொன்னேன்."

"நைன்த்துல ஒரு பொண்ணு ஸ்கூலை விட்டு நின்னுட்டாளே, அவளும் அந்த கிளாஸா?"

"ம். அஞ்சு மாசம். ஸ்கேன் எடுக்கிற வரைக்கும் வயித்துல ஏதோ கட்டின்னுதான் நெனச்சிருக்கா. வீட்டுக்கு வந்துபோற சொந்தக்காரன். இப்ப போலீஸ் பிடிச்சு வச்சிருக்கு."

"உங்ககிட்டயாவது வந்து கேட்டிருக்கலாம்," என்றார் இளையவர்.

"கேட்டா. ரெண்டு மாசமா பீரியட்ஸ் வரலை, ஏன் மிஸ்னு கேட்டா. ரத்தம் கம்மியா இருக்கும், பாலக் கீரை சாப்பிடுன்னு அனுப்பிட்டேன்."

"உங்களுக்கும் தோணலையா?"

"தோணுச்சு. மேல விசாரிச்சா, வேணாம்னு சொன்னதையே பேசுறேன்னு என்னை வேலையை விட்டு எடுத்துடுவாங்கன்னு பயந்துட்டேன்."

போபோடி ஸ்டேஷன் வந்தது. "வாங்க அக்கா, இறங்கணும்," என்று இளையவர் எழுந்தார். மூத்தவர் எழவில்லை.

"நீ போ. நான் அவ வீட்டுக்குப் போறேன். நேத்தும் போனேன். அவங்கம்மா கதவைத் திறக்கலை."