ஐயாதுரை நின்ன எடம்

இல்லட்டி, அந்த நாற்காலில ஒக்காராத, ஸ்கேனர் வயரு கெடக்கு. கட்டில்ல உக்காரு. வத்திராயிருப்புலருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்க, பெரியப்பன் மொகத்தப் பாக்கவா வந்திருக்க? ஒங்கப்பன் ஐயாதுரை போட்டோவுக்குத்தான. ஒங்கூரு மாரிசாமி போன்ல சொல்லிட்டான். பதினாறாம் நாளு நாளாண்ணைக்குத்தான, செத்த பொறு. கம்ப்யூட்டர் கெளம்பட்டும்.

போன்ல இருக்கறதெல்லாம் மூக்குல டியூப்போடவா? அது ஆகாதுதான். ஆதார் கார்டு மூஞ்சிய மாலை போட்டு மாட்டுனா கேதம் கேக்க வந்தவனே சிரிச்சுட்டுப் போவான். ஆல்பத்தக் கரையான் தின்னுருச்சாக்கும். பீரோவுல வச்சுப் பூட்டுனா பத்திரம்னு நெனைக்கிற கூட்டம் நீங்க. நான் மூணு டிஸ்க்குல வச்சிருக்கேன். ஒண்ணு போனாலும் ரெண்டு பேசும்.

ரிலே ஸ்டேஷன்ல முப்பத்தியொரு வருசம் டெக்னீசியன். டிவில படம் நின்னா ஊரே என்னையத்தான் வையும். எண்பத்தெட்டுல மொத கம்ப்யூட்டர் வாங்குனேன், ராசபாளையத்துல அப்போ எவன் வீட்டுல இருந்துச்சு? டிவி பொட்டில மாட்டி, கேசட்டுலருந்து புரோகிராம் ஏத்தணும். கால் மணி நேரம் கீச்சு கீச்சுன்னு கத்தும். ஒங்க பெரியம்மா வெள்ளைத்தாய் காதப் பொத்திக்கிட்டு அடுப்படிக்குப் போயிருவா. ஒங்கப்பன் ஒருத்தன்தான் பக்கத்துல உக்காந்து பாப்பான். என்னத்தப் புரிஞ்சு பாத்தான். அண்ணன் செய்யுதான்னு பாத்தான்.

இந்தா, வந்திருச்சு. இது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரு, ஃபிலிம்ல எடுத்தது. வடம் இழுக்கிறவன் கழுத்து நரம்பு தெரியுது பாரு. இன்னைக்குப் போன்ல எடுக்கச் சொல்லு பாப்போம். சரி சரி, ஒன் காதுகுத்துக்கு வாரேன். மாமன் மடில நீ, வாயப் பொளந்து அழுத. பின்னால ஒங்கம்மா. அவளுக்குப் பக்கத்துலயா? குரோட்டன்ஸ் செடி. பெருசாக்கிக் காட்டுதேன், ஒட்டுன தடம் தெரியுதா சொல்லு. தெரியாது. எல எலயா ரெண்டு நாள் வேல. அங்கனதான் ஒங்கப்பன் நின்னான்.

ஏன் எந்திரிக்க? இன்னும் இருக்கு. நம்ம சொந்தக்காரன் சோலைராஜ் கல்யாணத்துல அவன் நின்ன எடத்துல தூணு. குத்தாலத்துல பாறை. எங்கம்மாவுக்குத் துணி எடுத்துக் குடுத்த போட்டோவுல அவன் கை மட்டும் அவ தோளுல மிச்சம் நின்னு போச்சு, அத எடுக்கத்தான் ரொம்பப் பாடு. மொத்தம் முன்னூத்தி எழுபது. நெகட்டிவா? பூஞ்சை புடிச்சிருச்சுன்னு ஸ்கேன் பண்ணதும் கொளுத்திட்டேன். பழைய காப்பி எங்க இருக்கும், மூணு டிஸ்க்குலயும் அதே பேருல மேலயே சேவ் பண்ணியாச்சு. வேலைன்னா சுத்தமா இருக்கணும்.

அழுவாத. எனக்கு எரிச்சலா வருது. ரெண்டாயிரத்தி நாலுல ஒங்க பெரியம்மா போனப்போ நான் அழுதத எவன் பாத்தான்? பொணம் நடுவீட்டுல கெடக்கு, கூடப் பொறந்தவனக் காணோம். பொழுது சாயுற மட்டும் தூக்க விடாம வாசலையே பாத்துக் கெடந்தேன். நாலாம் நாள் வந்து நின்னு அண்ணே அண்ணேங்கான். கதவத் தொறக்கல. கத்திட்டுப் போனான்.

பெரியம்மா செத்த சேதிய, கேதத்த, சொல்லலன்னு யாரு சொன்னா, ஒங்கப்பனா? மத்த எல்லாருக்கும் ஆள் விட்டேன், வாசல்ல நின்னு சொல்லச் சொல்லி. வழக்கம் அதான், எனக்குத் தெரியாதா. ஒங்கப்பனுக்கு மட்டும் மெயில் போட்டேன். ஏன்னு கேளு. ஸ்ரீவில்லிபுத்தூர் பிரவுசிங் சென்டர்ல அவன ஒக்கார வச்சு, நானே ஐடி போட்டுக் குடுத்து, ரெண்டு தரம் சொல்லிக் குடுத்திருந்தேன். நம்ம சொந்தத்துல ஒருத்தனுக்கும் குடுக்காத மரியாதட்டி அது. அத வந்து தொறந்து பாக்க, வத்திராயிருப்புல மாந்தோப்பப் பாத்துக்கிட்டுக் கெடந்தவனுக்கு என்ன கேடு?

பாவம், பெரியப்பன் தெரியாமச் செஞ்சுட்டாருன்னு ஊருல போயிச் சொல்லாத. மறு வருசமே அவன் மெயிலத் தொறந்து பாத்தேன், பாஸ்வேர்டு நான் வச்சதுதான. நான் போட்டது படிக்காம தடிச்ச எழுத்துல அப்படியே கெடந்துச்சு. அவனுக்கு விசயமே தெரியலன்னு அன்னைக்கே எனக்கு வெளங்கிருச்சு. அப்போ நாப்பது போட்டோதான் முடிச்சிருந்தேன். மிச்ச முன்னூத்தி முப்பதையும் அதுக்குப் பொறவுதான் செஞ்சேன்.