கோளாறு வேண்டி ஒரு மெழுகுவத்தி

பரிசோதனை முடிவு தாமதமானால் நோயாளிக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. விதி விடுப்பில் இருந்தது போலும். தருமபுரி பேருந்தில் என் முன்னிருக்கையில், காரணம் தெரியாமலே முடிவுக்குக் காத்திருந்த பெண் தன் அண்ணியிடம் சொன்னார்:

"என் புத்துக்கட்டி ஜீன்ல கோளாறு இருக்கணும்னு மெழுகுவத்தி ஏத்துனேன் அண்ணி."

"கோளாறு கேட்டு வேண்டுன ஒரே ஆளு நீதான்."

"செல்லு தன்னை ரிப்பேர் பண்ணிக்க ரெண்டு வழியாம். கோளாறு இருந்தா கட்டியில ஒண்ணு ஏற்கெனவே அடைஞ்சிருக்கும். இன்னொண்ண மாத்திரை அடைச்சா கட்டி செத்துடுமாம். நல்ல செல்லுக்கு இன்னொரு வழி தொறந்திருக்கிறதால பொழைச்சுக்கும்."

"கோயில் பூசையில உன் வேண்டுதலை வாசிக்கச் சொன்னியா?"

"சொன்னேன். ஃபாதரு 'பூரண சுகம் வேண்டி'ன்னு மாத்தி வாசிச்சுட்டாரு."

"போச்சு. இப்ப எதைக் குடுப்பாரு ஆண்டவரு?"

கைபேசி ஒலித்தது. ஆஸ்பத்திரியிலிருந்துதான்.

"இருக்குதுங்களா?" என்று கேட்டவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கோளாறு இருக்குதாம் அண்ணி. மாத்திரை ஆரம்பிக்கலாமாம்."

மாதா கோயில் மெழுகுவத்திக்குப் பதில் வந்தது, ஊரெல்லாம் ஆற்றங்கரையில் அம்மனைக் கும்பிடும் ஆடிப் பதினெட்டு அன்று.