பல் நாற்காலித் தீர்மானம்

மூணு குத்தமும் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் நடுவுல பேசாதீங்க டாக்டர். எங்க சங்கத்துல அதான் வழக்கம். குத்தத்தை வரிசையா வாசிப்போம், ரெண்டு சாட்சி நிக்கணும், கடைசியிலதான் குத்தவாளி பேரு. மில் கேட்டுல எத்தனை மேனேஜருக்கு வாசிச்சவன் நான்! சம்மட்டின்னு சும்மாவா பட்டப்பேரு வெச்சாங்க? இப்பத்தான் நாக்கு கொழறுது. பொறுத்துக்குங்க.

ஒண்ணு. மார்ச் மாசம் இந்த மில் ஆஸ்பத்திரிக்கு, பல் டாக்டர்னு உங்ககிட்ட வந்தேன். நாக்கு ஓரத்துல வெள்ளையா ஒரு திட்டு. சீட்டுல எச்.ஐ.வி.ன்னு பாத்ததும் என்னை வாசல்லயே நிறுத்திட்டீங்க. தூரத்துல இருந்து டார்ச் அடிச்சீங்க, பரண்ல பூனை தேடுற மாதிரி. வெறும் வாய்ப்புண்ணு, களிம்பு தடவுன்னீங்க.

ரெண்டு. ஜூன் மாசம். திட்டு செவந்து கல்லாயிடுச்சு. கையுறைய ஒண்ணு மேல ஒண்ணா மாட்டினீங்க. மாட்டிட்டும் தொடல. பின்ன எதுக்குய்யா மாட்டினீங்க, குளிருக்கா?

மூணு. செப்டம்பர். காதுக்குள்ள குத்துது, கழுத்துல கட்டி. டாக்டர் சாப்பிடறார்னு நர்ஸ் சொல்லுச்சு. கண்ணாடிக் கதவு டாக்டர். நீங்க நகம் வெட்டிக்கிட்டு இருந்தீங்க.

பெரிய ஆஸ்பத்திரியில ஒரு சின்னப் பொண்ணு, நேத்துதான் படிச்சு முடிச்ச மாதிரி இருக்கு, விரலை உள்ள விட்டுத் தடவிப் பாத்துச்சு. ஒரே நிமிசம். சதை எடுத்து அனுப்புச்சு. கேன்சர். எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு வாயை அடிக்கடி பாக்கணுமே, யாரும் பாக்கலையான்னு கேட்டுச்சு. டார்ச்சுல பாத்தாங்கம்மான்னேன்.

என்னது? எனக்கு எச்.ஐ.வி. எப்படி வந்துச்சா? அதுக்கு உங்க சீட்டுல கட்டம் இல்ல. விடுங்க.

தங்கச்சி, அழாத. சாட்சி அழுதா செல்லாது. இவளைத் தெரியுமா டாக்டர்? லோடிங்ல சங்குன்னு ஒருத்தன் இருந்தான், அவன் சம்சாரம். அவனுக்கும் இதே நோய், வாயெல்லாம் புண்ணு. இந்த மில் ஆஸ்பத்திரியில, இதோ இந்த நாற்காலியில, அவனை உக்கார விடல. தண்ணி எறங்காம செத்தான். பதினெட்டு வருசம் ஆச்சு. இப்ப மூணு மாசமா எனக்குக் கஞ்சி கரைச்சு ஊட்டுறது இவதான். அண்ணே, இன்னும் ஒரு வாய், அண்ணேன்னு. வாட்ச்மேன், நீ ரெண்டாவது சாட்சி, கதவைச் சாத்திட்டு வா.

இப்பப் பேசுங்க. ஓ, நீங்க ஒண்ணும் பண்ணல, விதியில அப்படி இருக்குங்கறீங்க. எங்க சங்கமே போட்ட தீர்மானம், நீங்க இங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே. பீரோவுல இருக்கா? எடுங்க.

இதுக்குத்தான் வந்தேன். மத்த பிரதியெல்லாம் கொளுத்தியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி.

வாசிக்கறேன், கேளு தங்கச்சி. தொழிலாளர் உயிரோடு விளையாடாதே. தொற்று உள்ளவனை நாற்காலியில் ஏற்றாதே. ஏற்றினால் ஆலை நிற்கும். என்ன எழுத்து, பாத்தியா! இப்பக் கேட்டாலும் கை முறுக்கேறுது. எழுதுனவனுக்கு நாற்காலியால நோய் ஒட்டாதுன்னு நல்லாவே தெரியும். சங்கத் தேர்தல் வந்துச்சு, கூட்டம் சேக்க ஒரு பயம் வேணும். சங்கு கெடைச்சான்.

பயப்படாதீங்க டாக்டர், உங்க பேரை வாசிக்க மாட்டேன். அந்த அளவுக்கு நீங்க ஆள் இல்ல. எவனோ எழுதுனதுக்கு நகம் வெட்டிக்கிட்டுக் கீழ்ப்படிஞ்சீங்க, அவ்வளவுதான்.

நாளைக்குக் காலையில நாக்கை எடுக்கறாங்க. அதான் இன்னிக்கே வந்தேன். தங்கச்சி, யாருண்ணே எழுதுனதுன்னு பதினெட்டு வருசமா கேட்டியே. ஒவ்வொரு தடவையும் தெரியலம்மான்னேன். கையை விடு. என்னைத் தாங்க வேண்டாம். சாட்சிங்க ரெண்டு பேரும் நிமிந்து நில்லுங்க. இதோ, கீழ மூலையில, பொடி எழுத்துல.

எழுதியவர், சம்மட்டி.