முறியாத தண்டும் பிளந்த வேரும்

“உடைஞ்சா போஸ்ட் உடையட்டும் சார், வேர் உடையக் கூடாது!”

“உடையவே கூடாதுன்னுதாம்மா உலோகத்துல வைக்கறேன்! இந்தம்மா கடிக்கற கடிக்கு உன் ஃபைபர் குச்சி தாங்குமா?”

“ரெண்டு பேரும் சண்டைய முடிச்சா, நான் வாய மூடிக்கலாமா டாக்டர்?”

பெரிய டாக்டருக்கும் சின்ன டாக்டரம்மாவுக்கும் நடுவே, நாற்காலியில் சாய்ந்து கிடந்த தையல்காரம்மாவின் இக்கேள்வி வரவேற்பறை வரை கேட்டது. நாங்கள் ஒட்டுக் கேட்கவில்லை. அந்தக் கதவு சரியாகச் சாத்தாது.

வேராய் எஞ்சிய பல்லுக்கும் வாழ்வளித்த வித்தகரே! பிடுங்கச் சொல்லி வந்தோரைப் பேசியே மாற்றிய பெருந்தகையே! மதிய உணவை மாலையில் உண்டு, அது ஆறியதற்கும் எங்களையே கடிந்த எங்கள் பெரிய டாக்டரே!

வழியனுப்பக் கூடியிருக்கிறோம்; மனந்தான் வரவில்லை.

வேர்சிகிச்சை முடிந்தும் மேற்புறம் சிதைந்து நிற்கும் பல்லின் வேருக்குள் போஸ்ட் என்னும் மெல்லிய தண்டை ஊன்றி, அதன்மேல் பல்லை எழுப்பி, உறை மாட்டி, உண்ணவும் நகைக்கவும் வைத்த கை தங்கள் கை. “பல்லா இது, கட்டடமா?” என்று கேலி செய்த கணக்காசிரியரிடம், “கட்டடம் இடிஞ்சா வேற கட்டலாங்க, வேர் போனா போச்சு” என்றீர்கள். அவர் வாயடைத்து அமர்ந்ததை அன்றுதான் அவர் மனைவி முதன்முதலாகக் கண்டாராம்.

தையல்காரம்மாவோ முன்பல்லால் நூல் கடிப்பவர். “கத்திரிக்கோல்னு ஒண்ணு இருக்கும்மா” என்று கெஞ்சினீர்கள். “கைல துணி இருக்கறப்ப அத எவ தேடுவா?” என்றார் அவர். கேட்கமாட்டார் என்று தெரிந்தே, உறுதியான உலோகத் தண்டைத் தேர்ந்தீர்கள். சின்ன டாக்டரம்மா அஞ்சியதே நடந்தது. தண்டு வளையக்கூட இல்லை; வேர்தான் இரண்டாகப் பிளந்தது. அவருடைய கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருக்க, அந்தப் பல்லைத் தங்கள் கையாலேயே எடுத்தீர்கள்.

அதன்பின் போஸ்ட் வைக்க வந்த அனைவரையும் அடுத்த அறைக்கு, சின்ன டாக்டரம்மாவிடமே அனுப்பினீர்கள். “என் கை மரத்துப் போச்சும்மா, நீயே பாரு.” மரத்த கையா அது? அதனிடம் ஊசி போட்டுக்கொண்ட எங்களுக்குத் தெரியாதா! ஓய்வுக்குக் காலம் இருந்தும் முன்கூட்டியே விலக எழுதிக் கொடுத்தீர்கள். “நான் சொன்னது பலிச்சதுக்கு எனக்கு ஏன் சார் இந்தத் தண்டனை?” என்று சின்ன டாக்டரம்மா கண்கலங்கியும் தாங்கள் மசியவில்லை. பிளந்த ஒரு வேரை நினைத்து, ஊன்றி நிற்கும் அத்தனை வேர்களையும் மறந்தீர்களே!

தையல்காரம்மா கட்டுப்பல்லோடு மணமுடித்தார். மாப்பிள்ளை, தையல் இயந்திரம் பழுது பார்க்க வந்தவர். நல்ல இயந்திரம் அத்தனை தடவை பழுதானபோதே நாங்கள் ஊகித்ததுதான். ஊரை விட்டுப் போகுமுன் தையல்காரம்மா இங்கே வந்தார். தாங்கள் எக்ஸ்ரே அறைக்குள் புகுந்து, “வெளிய போயிட்டேன்னு சொல்லுங்க” என்றீர்கள். சொன்னோம். வெகுநேரம் பெஞ்சில் காத்திருந்துவிட்டு எழுந்தார்.

“திட்ட வரலைங்க. கடவாய்ப் பல்லு வலிக்குது, அவர்தான் பாக்கணும்னு வந்தேன். வேற யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்.”

பேருந்துக்கு நேரமாகிவிட்டது, வலியோடே போனார். அவர் சொன்னதைத் தங்களிடம் சொன்னபோது, கைகழுவும் தொட்டியருகே குழாயை மூடாமல் நின்றீர்கள். எழுதிக் கொடுத்ததை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

போன வாரம் அவருடைய அக்கா வந்திருந்தார். புது ஊரில் கடை நன்றாக ஓடுகிறதாம்; தங்கை மட்டும் இன்னும் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறாளாம்.

தாங்களாவது இரு பக்கமும் மென்று, நோயும் நோவுமின்றி நெடுங்காலம் வாழ்க!

பிரிய மனமில்லாத,
வேர்சிகிச்சைப் பிரிவு ஊழியர்கள்