பிரெஞ்சுக்குத் திரும்பும் லேப்டாப்

"அழிச்சா அது பிரெஞ்சுக்கே திரும்பிடுமாம்" என்று முன் சீட்டு அம்மாள் சொன்னதும், லாஸ்பேட்டை பஸ்ஸில் நான் படித்துக்கொண்டிருந்த கனமான புத்தகத்தை மூடினேன். அதை மூட நானும் ஒரு காரணம் தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் கணவர் மடியில் ஒரு லேப்டாப். பாரிஸிலிருந்து அவருடைய அண்ணன் கொண்டுவந்ததை இங்கே இங்கிலீஷுக்கு மாற்றினார்களாம். இப்போது ஆமை வேகம். அதனால் கடையில் கொடுத்து, வாங்கிய அன்று இருந்தபடியே ஆக்கப்போகிறார்கள்.

"போட்டோவெல்லாம் பென் டிரைவ்ல ஏத்திட்டேன். வேற என்ன?" என்றார் கணவர்.

"ஆரம்பத்துல எல்லாக் கேள்வியும் பிரெஞ்சுலதான் கேக்குமாம். எங்க வீட்டுக்காரரு படிச்சுச் சொல்லுவாருன்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

"ஏன் சொன்ன?"

"பின்ன? பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பாகிட்ட பிரெஞ்சு பேசிக் காட்டினீங்களே! அதுல மயங்கித்தானே என்னைக் குடுத்தாரு."

"அந்தப் பிரெஞ்சு வேற. கம்ப்யூட்டர் பிரெஞ்சு வேற."

"அப்பாவும் கடைக்கு வராரு. நீங்க படிக்கிறதக் கேக்கணுமாம். அதோ, கடை வாசல்ல நின்னு கை காட்டுறாரு பாருங்க."

பஸ் நின்றது. கணவர் எழாமல் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மெதுவாத்தானே ஓடுது? ஓடட்டுமே. நமக்கென்ன அவசரம்?"

நான் இறங்க வேண்டிய நிறுத்தமும் அதுதான். நானும் எழுந்திருக்கவில்லை.